டொரொன்டோவில் பொதிமலை

விமானம் இறங்குவதற்குள் கைப்பையை நான்கு தடவை திறந்து பார்த்துவிட்டேன். உள்ளே ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, சின்ன டார்ச், ஒரு ஸ்கேல், வழக்கறிஞர் முருகேசன் கொடுத்த கடிதம். நாலும் பத்திரமாக இருந்தன. ஆனாலும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பக்கத்து இருக்கைக்காரர் இதுதான் முதல் பயணமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். ஒரு மலைக்குச் சாட்சி தேடி வந்திருக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

விஷயம் இதுதான். மதுரைக்கு வடக்கே பொதிமலை என்று ஒரு பாறைக்குன்று. உச்சியில் ஒரு சுனை. கோடையில் கிணறு வற்றினால் பொதிப்பட்டிப் பெண்கள் மேலே ஏறித்தான் தண்ணீர் எடுப்பார்கள். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் குவாரிக்காரர்கள் அதில் கல்லும் மண்ணும் கொட்டி மூடிவிட்டார்கள். இப்போது மீதி மலையையும் வெட்ட அனுமதி கேட்கிறார்கள். நீர்நிலை இருந்த இடம், வெட்டக் கூடாது என்று ஊர்க்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சுனையா, அப்படி ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, அரசாங்கப் பதிவிலும் இல்லை, பொம்பளைகள் கட்டிய கதை என்று எதிர்த்தரப்பு ஒரே போடாகப் போட்டுவிட்டது.

அந்த நேரத்தில்தான் முருகேசன் ஃபேஸ்புக்கில் ஒரு படத்தைப் பார்த்தான். டொரொன்டோவில் இருக்கும் சிவபாலன் என்கிற யாழ்ப்பாணத்துக்காரர் போட்டது. பழைய சாமான் விற்கிற ஒரு வீட்டு வாசலில் மகளுடைய பட்டமளிப்புப் படத்துக்காக ஒரு ஃபிரேம் வாங்கியிருக்கிறார். உள்ளே ஒரு நீர்வண்ண ஓவியம். இருநூறு வருடப் பழசு இருக்கலாம். கையெழுத்து கிடையாது. கீழே பென்சிலில் 'பொதிமலை, மதுரா' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. உச்சியில் ஒரு நீலத் திட்டு. இது எந்த ஊர் மலை, யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தார்.

முருகேசன் என்னிடம் ஓவிய வரலாறு படித்துவிட்டு அப்புறம் சட்டத்துக்குப் போனவன். செல்போன் படத்தைக் கோர்ட் ஒத்துக்கொள்ளாது, நீங்கள் நேரில் பார்த்து அது சுனைதான் என்று எழுதித் தந்தால் போதும் மேடம் என்றான். ஊரே கூடி என்னை அனுப்பிவைத்தது. அடுத்த வாரம் விசாரணை. கையில் ஐந்தே நாள்.

பயம் அதனால் மட்டும் இல்லை. அந்தக் காலத்து ஆங்கில நீர்வண்ண ஓவியர்களைப் பற்றி நானே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன். மலையைப் பார்த்தால் மனிதன் நடுங்க வேண்டும், நடுக்கத்திலேயே ஒரு பரவசமும் வர வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள். அதற்காகக் குன்றை மலையாக்குவார்கள், உருண்டைப் பாறையைக் கூராக்குவார்கள், இல்லாத அருவியைக்கூட இறக்கிவிடுவார்கள். இதையெல்லாம் பக்கம் பக்கமாக விளக்கியிருக்கிறேன். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு என் புத்தகம் கிடைத்தால் போதும், என் வாயாலேயே என்னை மடக்கிவிடுவார். அவருக்கு அது கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். விற்காமல் என் வீட்டில் அடுக்கிக் கிடக்கும் புத்தகம், அவருக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்று ஆறுதலும் சொல்லிக்கொண்டேன்.

சிவபாலனே விமான நிலையத்துக்கு வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், குட்டையான மனிதர். எனக்கென்று ஒரு தடித்த குளிர்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஏப்ரல் மாதம். வழியெல்லாம் வண்டி நிறுத்தும் இடங்களின் மூலையில் ஒதுக்கித் தள்ளிய பனி கறுத்துக் குவிந்து கிடந்தது. காரில் ஏறியதும் படம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். ஓம், ஓம் என்று தலையாட்டினார். அப்புறம் குளிரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

வீடு நகரத்தின் கிழக்கோரம் மல்வேர்னில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசையில் ஒன்று. அவர் மனைவி தவமணி இடியப்பமும் சொதியும் மீன் பொரியலும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சொதி என்பது தேங்காய்ப்பாலில் செய்த ரசத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி. காரமே இல்லாத இந்தச் சமாதானத்துக்கு மதுரை நாக்கு முதலில் முகம் சுளித்தது. இரண்டாவது தடவை நானே கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன். சாப்பிட்டுக் கை கழுவியதும் படத்தைக் கொண்டு வாருங்கள் என்றேன்.

"ரீச்சர் களைச்சுப்போய் வந்திருக்கிறியள். முதல் நித்திரை கொள்ளுங்கோ. படம் எங்கையும் ஓடிப்போகாது. நாளைக்குப் பாப்பம்" என்றார் சிவபாலன். அவர் நாக்கில் டீச்சர் ரீச்சராகிவிடும்.

மறுநாள் காலை குளித்துவிட்டு, கண்ணாடியும் டார்ச்சுமாகத் தயாராக உட்கார்ந்தேன். உங்களுக்குப் பாறை எண்டால் விருப்பமெல்லோ, ஒரு இடம் காட்டுறன், வாங்கோ என்று காரில் ஏற்றிவிட்டார். வேலைக்கு லீவு போட்டிருக்கிறாராம். ஏரிக்கரைக்குப் போனோம். ஸ்கார்பரோ பிளஃப்ஸ் என்கிற நெடிய கரைச்சுவர். ஏரியிலிருந்து நேர் செங்குத்தாக வெள்ளை வெளேரென்று மேலே போகிறது. ஒரு நிமிடம் எனக்கே மூச்சு நின்றுவிட்டது. என் புத்தகத்து ஓவியர்கள் பார்த்திருந்தால் மண்டியிட்டு உட்கார்ந்து வரைந்திருப்பார்கள். கிட்டப் போய்த் தொட்டேன். பாறையே இல்லை. களிமண்ணும் மணலும். விரல் பட்ட இடம் பொலபொலவென்று உதிர்ந்தது. கிட்டப் போகாதே, சரியும் என்று பலகையே வைத்திருக்கிறார்கள்.

அங்கே நின்றுகொண்டிருந்த அரைமணி நேரத்தில் மூன்று தடவை படத்தைப் பற்றிக் கேட்டேன். மூன்று தடவையும் ஏரியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். திரும்பும்போது கோப்பிக் கடையில் நிறுத்தினார். அப்புறம் தமிழ்க் கடையில் மாம்பழம். அப்புறம் கோயில். வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். நாளைக்குப் பாப்பம் ரீச்சர்.

எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. குவாரிக்காரர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. முருகேசன் பார்த்த ஃபேஸ்புக்கை அவர்களும் பார்த்திருப்பார்கள். படத்தை விற்றுவிட்டாரோ? வந்தவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஊர் சுற்றிக் காட்டுகிறாரோ? இவ்வளவு அன்பாகச் சோறு போடுகிற மனிதனைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் அவர் வேலைக்குப் போய்விட்டார். பிட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்த தவமணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த வீட்டில் நான் அதுவரை கவனிக்காத ஒன்றை அப்போதுதான் கவனித்தேன். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த பஸ் நேர அட்டவணை, மகள் பாலர் வகுப்பில் கிறுக்கிய யானை, கல்யாண அழைப்பிதழ், சலவை இயந்திரத்தின் உத்தரவாதச் சீட்டு, எல்லாமே லேமினேட் செய்யப்பட்டிருந்தன. உவருக்கு உது ஒரு வருத்தம் என்று தவமணி சிரித்தார். அவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய். பேச்சுவாக்கில் படம் எங்கே என்று கேட்டேன். படம் விட்பியில மகளின்ர வீட்டிலயெல்லோ கிடக்கு என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

விட்பி கிழக்கே பக்கத்து ஊராம். மகள் வீட்டு விலாசத்தை வாங்கிக்கொண்டு நானே கிளம்பிவிட்டேன். வேண்டாம், அவர் வந்து கூட்டிக்கொண்டு போவார் என்று தவமணி வாசல் வரை வந்து தடுத்தார். நான் கேட்கவில்லை. பஸ் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. ரயிலில்தான் கோட்டைவிட்டேன். கிழக்கே போக வேண்டியவள் மேற்கே போகிற ரயிலில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்துவிட்டேன். மதுரையில் தப்பு ரயில் ஏறினால் பெட்டியே கூடிப் பஞ்சாயத்து வைக்கும். இங்கே ஆளுக்கொரு போனில் தலையைக் கவிழ்த்திருக்கிறார்கள். எதிரே ஒரு பெண் போனில் யாரையோ ஆங்கிலத்தில் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். "பொய் சொல்வது உன் வேலை இல்லை. அவன் வந்து கேட்டால் உள்ளதைச் சொல், அழாதே" என்றாள். இதைச் சிவபாலனிடம் யாராவது சொன்னால் தேவலை என்று தோன்றியது.

தூரத்தில் நடு நகரத்துக் கண்ணாடிக் கோபுரங்கள் தெரிந்தபோதுதான் உறைத்தது.  அந்தப் பெண்ணிடமே கேட்டேன். பிலிப்பீன்ஸ்காரி, முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவளாம். என்னோடு இறங்கி, படிக்கட்டில் ஏறி இறங்கி எதிர் நடைமேடை வரை கொண்டுவந்து விட்டாள். வேலைக்குப் பிந்திவிட்டது என்று ஓட்டமாக ஓடினாள். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

விட்பியில் எல்லா வீடும் ஒன்றுபோல் இருந்தது. ஒருவழியாகக் கண்டுபிடித்து மணியடித்தேன். சிவபாலனின் மகள் சிந்துஜா கதவைத் திறந்தாள். நான் யாரென்று சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது.

"அன்ரி, ஐ'ம் சோ சொறி. அப்பா உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

மாடிக்குப் போய் ஒரு பெரிய உறையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். பிரித்தேன். தடித்த, பளபளப்பான பிளாஸ்டிக். அதற்குள்ளே பொதிமலை. அதையும் சிவபாலன் லேமினேட் செய்துவிட்டிருந்தார்.

நீர்வண்ணத்துக்கு இதைவிடக் கேடு கிடையாது. சூட்டில் பசை உருகித் தாளுக்குள்ளேயே இறங்கிவிடும், பிரிக்க முடியாது. இருநூறு வருடம் தாங்கிய தாள், ஐந்து நிமிட வேலையில் போயிற்று. நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

சாயங்காலம் சிவபாலனும் தவமணியும் வந்து சேர்ந்தார்கள். அவர் உட்காரவில்லை. கதவோரமாகவே நின்றார்.

"சண்டைக்காலத்தில கிளாலிக் கடலால வள்ளத்தில வரேக்க என்ர பை தண்ணிக்குள்ள விழுந்திட்டுது, ரீச்சர். பிறப்புச் சேட்டிபிக்கற், படிச்ச சேட்டிபிக்கற், அம்மான்ர படம், எல்லாம் கூழாப் போச்சு. ஐடென்ரிக் காட் ஒண்டுதான் தப்பினது. அது பிளாஸ்ரிக்குக்குள்ள கிடந்தது. அதைக் காட்டித்தான் நான் இஞ்சை மனுசனானன். நீங்கள் வாறியள் எண்டு சொன்ன உடன, ஒரு ஊரின்ர தண்ணி இதுக்குள்ள கிடக்கு, இதுக்கு ஒண்டும் நடக்கக்கூடாதெண்டு கொண்டுபோய்ச் செய்விச்சனான். பிறகுதான் பிள்ளை சொன்னவள், பழைய படத்துக்கு உது செய்யக்கூடாதாம்."

அவரைத் திட்ட நிறைய வைத்திருந்தேன். சரி, பிளாஸ்டிக்குக்குள் என்றாலும் படம் இருக்கிறது, பார்க்கலாம் என்று எழுந்தேன். சிந்துஜா விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தாள். பளபளப்பு கண்ணை அடித்தது. படத்தைச் சாய்த்துச் சாய்த்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

இந்த மாதிரி ஓவியர்கள் முதலில் அந்த இடத்திலேயே நின்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்வார்கள். வண்ணம் பெரும்பாலும் அப்புறம் அறைக்குப் போய்த்தான். நீர்வண்ணம் மெல்லியது, அடியிலிருக்கும் பென்சில் கோடு மறையாது. பென்சில் இருந்தால் அவர் கண்ணால் கண்டது, வெறும் வண்ணம் மட்டும் என்றால் பின்னால் சேர்த்தது என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். பென்சிலில் பொதிமலை நிஜப் பொதிமலைதான். சோற்றுமூட்டை மாதிரி சாதுவாக உட்கார்ந்திருந்தது. வண்ணத்தில் அதே மலை இரண்டு மடங்கு உயர்ந்து, உச்சி பிளந்து, இடிமேகத்தை முட்டிக்கொண்டு நின்றது. வலது பக்கத்து வளைந்த மரத்துக்கு அடியில் பென்சில் கிடையாது. கம்பு வைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு பேருக்கும் கிடையாது.

நீலத் திட்டுக்கும் கிடையாது. அது தண்ணீரே இல்லை. மேகத்துக்கு நடுவே விட்டுப்போன வானம், பாறையின் பிளவு வழியாகத் தெரிந்தது. செல்போன் படத்தில் எல்லோரும் ஏமாந்திருக்கிறோம்.

 மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுனை இல்லை என்று சொன்னேன்.  அப்புறம் சிவபாலன் கிட்ட வந்தார்.

"ரீச்சர், பிளாஸ்ரிக்கால ஒண்டும் தெரியேல்லை எண்டு எழுதுங்கோ. சிவபாலன் எண்ட மடையன் படத்தைக் கெடுத்துப்போட்டான் எண்டு எழுதுங்கோ. பொய்யில்லைத்தானே. நான் கையெழுத்து வைக்கிறன்."

சிந்துஜா வீட்டிலேயே தங்கினோம். அந்த இரவை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். அவர் சொன்னபடி எழுதினால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது எங்கள் நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. எழுதாவிட்டால், கடல் தாண்டிப் போய் ஊருக்கு எதிராகச் சாட்சி கொண்டுவந்தவள் ஆகிவிடுவேன். கடைசியில் உள்ளதையே எழுதினேன். 'இந்த ஓவியத்தில் சுனை இல்லை' என்று ஒரு வரி. அதை எழுதிய கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

காலை எட்டு மணிக்கு, அங்கே மாலை, முருகேசனை வீடியோவில் கூப்பிட்டேன். பொதிப்பட்டியில்தான் இருந்தான். பின்னால் ஊரே முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. சொன்னேன். பரவாயில்லை மேடம் என்றான். குரல் இறங்கிவிட்டது. போனை அவன் கையிலிருந்து யாரோ வாங்கினார்கள். ஓர் அம்மாள், அறுபது வயது இருக்கும், முகம் திரைக்கு மிக அருகில் வந்தது. பேச்சியம்மாள் என்று பெயர் சொன்னாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சுனையில் தண்ணீர் எடுத்தவளாம். இவளைக் கோர்ட்டில் பேச வைத்தாயா என்று நான் ஒருநாளும் முருகேசனைக் கேட்கவில்லை.

"டீச்சரம்மா, அந்தத் தொர எங்குன நின்னு வரஞ்சாரு?"

கீழே, அடிவாரத்தில் நின்று என்றேன்.

"கீழ நின்னு பாத்தா சுனை எப்படித் தெரியும்? மேல ஏறினாத்தான தெரியும்."

 எனக்கு, முருகேசனுக்கு, எதிர்த்தரப்புக்கு, யாருக்கும் இது தோன்றவில்லை. கீழே நின்று வரைந்த படத்தில் உச்சிச் சுனை தெரிந்திருந்தால்தான் அது பொய். வேறு என்ன இருக்கிறது படத்தில் என்று பேச்சியம்மாள் கேட்டாள். பாறை, மரம், கம்பு வைத்த இரண்டு பேர், பாதி மலையில் குடத்தோடு ஒரு பெண், அதெல்லாம் சும்மா, மலை எவ்வளவு பெரிசு என்று காட்டுவதற்காக வைக்கிற பொம்மைகள் என்றேன்.

"கொடம் இடுப்புலயா, தலையிலயா?"

கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். தலையில்.

"மொகம் நம்ம பக்கமா, மலப் பக்கமா?"

நம் பக்கம். ஒரு கை உயர்ந்து குடத்தைப் பிடித்திருந்தது.

"அப்ப எறங்குறா. வெறுங்கொடத்த எவளும் தலையில வச்சுக்கிட்டு பாறையில எறங்க மாட்டா, இடுப்புல இடுக்கிக்கிட்டு வந்துருவா. அது நெறகொடம், டீச்சரம்மா."

டார்ச்சைப் பக்கத்தில் வைத்துப் படத்தைச் சாய்த்தேன்.  சிவபாலன் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அரை அங்குலம்கூட இல்லாத அந்தப் பெண்ணின் சிவப்புச் சேலைக்கு அடியில், குடத்துக்கு அடியில், உயர்ந்த கைக்கு அடியில், தெளிவாகப் பென்சில் கோடு இருந்தது. மரம் பொய், மேகம் பொய், மலையில் பாதி பொய். இவளை மட்டும் அந்த மனிதர் கண்ணால் பார்த்து, அங்கேயே நின்று வரைந்திருக்கிறார்.

கோர்ட் இதை ஒத்துக்கொள்ளுமா என்று எனக்குத் தெரியாது. எழுதியதைக் கிழித்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தேன். முப்பது வருடமாக வகுப்பில் இந்த மாதிரிப் பெண்களைக் குச்சியால் தொட்டுக் காட்டி, இவை அளவுக்காக வைத்தவை, கவனிக்க வேண்டாம், பாறையைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவள் பாட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க்கொண்டிருந்திருக்கிறாள்.